ஆலிவ் எண்ணெயின் பாலிபீனாலும் உடலின் அழற்சியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சுத்திகரிக்காமல் பிழிந்தபடியே வரும் எக்ஸ்ட்ரா விர்ஜின் ஆலிவ் எண்ணெய் உடலின் அழற்சியைக் குறைக்கும் என்று யூடியூபிலும் வாட்ஸப்பிலும் ஓயாமல் சொல்கிறார்கள். அதில் உண்மை இருக்கிறது. ஆனால் எந்த எண்ணெய், எவ்வளவு, வேறு எதற்குப் பதிலாக என்பதையெல்லாம் விட்டுவிட்டுச் சொல்வதால் கேட்பவர்கள் தவறான பாட்டிலை வாங்கி, தவறான விதத்தில் பயன்படுத்துகிறார்கள். அடிக்கடி வரும் கேள்விகளையும் எனக்குத் தெரிந்த பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

பாலிபீனால் என்பது என்ன? ஆலிவ் எண்ணெயில் அது எப்படி வருகிறது?

பூச்சி, பூஞ்சை, கடும் வெயில் இவற்றிலிருந்து தற்காத்துக்கொள்ள செடிகொடிகள் உண்டாக்கும் வேதிப்பொருள்களில் ஒரு பெரிய குடும்பம் பாலிபீனால். தேயிலையின் துவர்ப்பிலும் மஞ்சளின் நிறத்திலும் இருப்பது இந்தக் குடும்பத்தின் வெவ்வேறு உறுப்பினர்கள்தான். ஆலிவ் காயை மரத்திலிருந்து பறித்து அப்படியே கடித்தால் துப்பிவிடுவீர்கள், அவ்வளவு கசப்பு. அந்தக் கசப்புக்கு முக்கியக் காரணம் ஒலியூரோபின். காயை அரைக்கும்போது அதிலிருக்கும் நொதிகள் ஒலியூரோபினையும் அதன் பங்காளியான லிக்ஸ்ட்ரோசைடையும் உடைக்கின்றன. அப்படி உடைந்து வருபவைதான் ஒலியாசின், ஒலியோகாந்தல், ஹைட்ராக்சிடைரோசால், டைரோசால்.

இவற்றில் பல எண்ணெயைவிடத் தண்ணீரில் நன்றாகக் கரையும். அதனால் பிழியும்போது பெரும்பகுதி கழிவுநீரோடும் சக்கையோடும் போய்விடுகிறது. காயில் இருந்ததில் 2 சதவீத அளவே எண்ணெயில் தங்குகிறது. அந்தச் சொற்பமும் எண்ணெய்க்கு எண்ணெய் மாறும். கிலோவுக்கு 100 மில்லிகிராம்கூட இல்லாத எண்ணெயும் உண்டு, 500-ஐத் தாண்டுவதும் உண்டு.

அழற்சி என்று எதைச் சொல்கிறீர்கள்? வீக்கம்தானே?

காலில் முள் குத்தினால் அந்த இடம் சிவந்து, சூடாகி, வீங்கி, வலிக்கும். அது அழற்சிதான், தேவையானதும்கூட. அது இல்லாவிட்டால் புண் ஆறாது. இங்கே பேச்சு அதைப் பற்றியதல்ல. வெளியே எந்த அடையாளமும் காட்டாமல் வருடக்கணக்கில் உள்ளுக்குள் குறைந்த அளவில் ஓடிக்கொண்டிருக்கும் நாள்பட்ட அழற்சி ஒன்று இருக்கிறது. தொப்பை, சர்க்கரை நோய், புகைப்பழக்கம், தூக்கக் குறைவு எல்லாம் அதை வளர்க்கும். ரத்தக்குழாய்ச் சுவரில் கொழுப்பு படிந்து அடைப்பாவதில் அதற்குப் பங்குண்டு.

அதை அளக்க டாக்டர்கள் பொதுவாக எழுதித் தருவது எச்.எஸ்.சி.ஆர்.பி. ரத்தப் பரிசோதனை. அழற்சியின்போது ரத்தத்தில் கூடும் சி.ஆர்.பி. என்ற புரதத்தை அது அளக்கிறது. லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் இதய ஆபத்து குறைவு, 3-க்கு மேல் போனால் அதிகம் என்று கணக்கு வைக்கிறார்கள். சளி, காய்ச்சல் இருக்கும்போது இந்த எண் எகிறிவிடும். அப்போது எடுத்துவிட்டு பயப்பட வேண்டாம்.

நல்ல விலை கொடுத்து வாங்கிய எண்ணெய் தொண்டையில் கமறுகிறது. கெட்டுப்போய்விட்டதா?

இல்லை, நல்ல எண்ணெய்தான் கிடைத்திருக்கிறது. கெட்ட எண்ணெயில் சிக்கு வாடை வரும், நாக்கில் பிசுபிசுப்பு தங்கும். தொண்டையின் பின்பக்கத்தில் மட்டும் சுருக்கென்று எரிந்து ஓரிரு இருமலோடு அடங்கினால் அது ஒலியோகாந்தலின் வேலை.

இது கண்டுபிடிக்கப்பட்ட விதமே சுவாரசியம். அமெரிக்காவின் ஃபிலடெல்பியாவில் சுவையையும் மணத்தையும் ஆராயும் மோனெல் மையம் இருக்கிறது. அதன் விஞ்ஞானி கேரி போசாம்ப், சமையல் அறிவியல் கூட்டம் ஒன்றுக்காக சிசிலித் தீவின் எரிச்சே ஊருக்குப் போயிருந்தார். அங்கே புதிதாகப் பிழிந்த ஆலிவ் எண்ணெயைச் சுவைக்கக் கொடுத்தார்கள். விழுங்கியதும் தொண்டையில் ஏற்பட்ட எரிச்சல் அவருக்கு ஏற்கெனவே பழக்கமானது. திரவ வடிவ இபுப்ரோஃபென் மருந்தின் சுவையை அவர் அதற்கு முன்பு ஆராய்ந்திருந்தார், அதுவும் இதே இடத்தில் இதே மாதிரி எரியும். எரிச்சல் ஒன்றுபோல் இருந்தால் உடலில் செய்யும் வேலையும் ஒன்றாக இருக்குமோ என்று சந்தேகப்பட்டார்.

சந்தேகம் சரியாக இருந்தது. 2005-இல் நேச்சர் இதழில் அவரும் சக ஆய்வாளர்களும் வெளியிட்ட கட்டுரையில், எண்ணெயிலிருந்து பிரித்தெடுத்த ஒலியோகாந்தல் காக்ஸ்-1, காக்ஸ்-2 என்ற இரு நொதிகளையும் தடுப்பதாகக் காட்டினார்கள். வலியையும் வீக்கத்தையும் உண்டாக்கும் பொருள்களைத் தயாரிப்பதில் இந்த நொதிகளுக்குப் பங்குண்டு. இபுப்ரோஃபெனும் இவற்றைத்தான் தடுக்கிறது. இத்தனைக்கும் இரண்டு மூலக்கூறுகளின் அமைப்பிலும் ஒற்றுமை கிடையாது. பின்னர் 2011-இல், அந்த எரிச்சலை உணரும் டி.ஆர்.பி.ஏ.1 என்ற ஏற்பி வாயின் முன்பகுதியைவிடத் தொண்டைப் பக்கம்தான் செறிந்திருக்கிறது என்றும் தெரியவந்தது. நுனிநாக்கில் எரியாமல் தொண்டையில் மட்டும் ஏன் கமறுகிறது என்பதற்கு அதுவே விடை.

அப்படியானால் வலி மாத்திரைக்குப் பதிலாக இரண்டு ஸ்பூன் எண்ணெய் குடிக்கலாமா?

அந்த ஆய்வாளர்களே போட்ட கணக்கைப் பாருங்கள். தினம் 50 கிராம் நல்ல எண்ணெய் சாப்பிட்டால் உடலுக்குள் போகும் ஒலியோகாந்தல் சுமார் 9 மில்லிகிராம். பெரியவர்களுக்கு வலி தீர்க்கத் தரும் இபுப்ரோஃபென் அளவில் அது பத்தில் ஒரு பங்கு. 50 கிராம் எண்ணெய் என்பது கிட்டத்தட்ட 450 கலோரி. தலைவலிக்காக யாரும் அதைக் குடிக்கத் தேவையில்லை, குடித்தாலும் தலைவலி போகாது.

அவர்கள் முன்வைத்தது வேறு யோசனை: சின்ன அளவில், தினமும், பல வருடங்களாக உணவோடு சேர்ந்து போகும்போது நாள்பட்ட அழற்சி கொஞ்சம் தணியலாம். இன்றுவரை அது நியாயமான யோசனையாகவே இருக்கிறது. ஒலியோகாந்தலை மட்டும் தனியாகக் கொடுத்து, நீண்ட காலம் மனிதர்களிடம் சோதித்து நிரூபித்த உண்மை என்று அதைச் சொல்ல முடியாது.

சாப்பிட்ட பிறகு இது ரத்தத்தில் கலக்கிறதா?

கலக்கிறது, ஆனால் உருமாறிக் கலக்கிறது. ஹைட்ராக்சிடைரோசாலில் பாதிக்கு மேல் குடலில் உறிஞ்சப்படுகிறது. ஆனால் குடல் சுவரையும் கல்லீரலையும் தாண்டும்போதே சல்பேட், குளுகுரோனைடு போன்றவை அதில் ஒட்டிக்கொள்கின்றன. மாற்றமில்லாத மூல வடிவில் ரத்தத்தில் சுற்றுவது மிகமிகக் குறைவு. உறிஞ்சப்படாத மிச்சம் பெருங்குடலுக்குப் போய் அங்கிருக்கும் பாக்டீரியாக்களுக்கு இரையாகிறது.

இதை ஏன் விரிவாகச் சொல்கிறேன் என்றால், "ஆலிவ் பாலிபீனால் என்.எஃப்.கப்பா.பி-யை அணைக்கிறது" என்ற வகைத் தலைப்புகளில் பல, ஆய்வகத் தட்டில் வளர்த்த செல்களின் மேல் பாலிபீனாலை நேரடியாக ஊற்றிப் பார்த்த ஆய்வுகளிலிருந்து வருபவை. என்.எஃப்.கப்பா.பி என்பது அழற்சிக்கான மரபணுக்களை முடுக்கிவிடும் புரதத் தொகுதி. அதைப் பாலிபீனால் அடக்குவது ஆய்வகத்தில் உண்மைதான். ஆனால் அங்கே ஊற்றும் அளவு, சாப்பாட்டின் வழியாக நம் ரத்தத்தில் எட்டக்கூடிய அளவைவிடப் பல மடங்கு அதிகமாக இருப்பது வழக்கம். புற்றுநோய் செல்லை அரை மணி நேரத்தில் கொல்கிறது, அல்சைமரைத் தடுக்கிறது என்ற செய்திகளையும் இந்தக் கண்ணோடு படியுங்கள்.

சரி, மனிதர்களிடம் சோதித்துப் பார்த்தார்களா?

பார்த்தார்கள். இந்தத் துறையில் மனித ஆய்வுகளுக்குப் பஞ்சமில்லை.

பாலிபீனாலின் பங்கை மட்டும் பிரித்துப் பார்த்ததில் எனக்குப் பிடித்தது 2006-இல் வெளிவந்த யூரோலிவ் ஆய்வு. ஐந்து ஐரோப்பிய நாடுகளில் ஆரோக்கியமான 200 ஆண்கள். தினம் 25 மில்லிலிட்டர் வீதம் மூன்று வகை ஆலிவ் எண்ணெய்களை, ஒவ்வொன்றையும் மூன்று வாரம் கொடுத்தார்கள். மூன்றிலும் கொழுப்பு கிட்டத்தட்ட ஒன்றுதான், பாலிபீனால் மட்டும் கிலோவுக்கு 2.7, 164, 366 மில்லிகிராம் என்று வேறுபட்டது. பாலிபீனால் கூடக்கூட எச்.டி.எல். என்ற நல்ல கொழுப்பு சற்றே ஏறியது, எல்.டி.எல். என்ற கெட்ட கொழுப்பில் ஆக்சிஜனேற்றம் அடைந்த பகுதி குறைந்தது. ரத்தக்குழாய்ச் சுவரில் அழற்சியைக் கிளப்புவதில் இந்த ஆக்சிஜனேற்றம் அடைந்த எல்.டி.எல்-க்குப் பங்கு இருப்பதால், அது குறைவது அழற்சிப் பக்கத்திலும் நல்ல செய்தி. கொழுப்பு ஒன்றாக இருந்தும் விளைவு மாறியதால், பாலிபீனாலுக்குத் தனி வேலை இருக்கிறது என்பதற்கு இது வலுவான சான்று.

நேரடியாக அழற்சியை அளந்தவையும் உண்டு. 2007-இல் இத்தாலியில் 12 பேரிடம் நடந்த சிறு ஆய்வில், எக்ஸ்ட்ரா விர்ஜின் எண்ணெய் சேர்த்த உணவுக்குப் பிறகு லூக்கோட்ரையீன் பி4, த்ராம்பாக்சேன் பி2 என்ற அழற்சிக் குறியீடுகள் குறைந்தன. சாதாரண ஆலிவ் எண்ணெயிலும் சோள எண்ணெயிலும் அப்படி நடக்கவில்லை. 2015-இல் 30 ஆய்வுகளைச் சேர்த்து அலசியபோது, ஆலிவ் எண்ணெய் சாப்பிட்டவர்களிடம் சி.ஆர்.பி. சராசரியாக லிட்டருக்கு 0.6 மில்லிகிராம் அளவு கூடுதலாக இறங்கியிருந்தது.

0.6 என்பது சின்ன எண்தான். 3.4-இல் இருப்பவர் 2.8-க்கு வருவார். மருந்து கொடுக்கும் இறக்கத்தோடு ஒப்பிட முடியாது. ஆனால் தினமும் எப்படியும் ஊற்றிச் சாப்பிடப்போகிற எண்ணெயிலிருந்து இது கிடைக்கிறதென்றால் எனக்கு அது லாபமாகவே படுகிறது.

ஸ்பெயினில் நடந்த பெரிய ஆய்வு பொய் என்று திரும்பப் பெற்றுவிட்டார்களாமே?

பாதி உண்மை. பிரெடிமெட் என்ற அந்த ஆய்வில் இதய ஆபத்து அதிகமுள்ள 7,447 பேர் சேர்ந்தார்கள். ஒரு குழுவுக்கு, காய்கறி, பயறு, மீன் நிறைந்த மத்தியதரைக்கடல் உணவுமுறையோடு வாரம் ஒரு லிட்டர் எக்ஸ்ட்ரா விர்ஜின் எண்ணெய் வீட்டுக்கே இலவசம். இன்னொரு குழுவுக்கு அதே உணவுமுறையோடு பாதாம், வால்நட் போன்ற கொட்டை வகைகள். மூன்றாவது குழுவுக்குக் கொழுப்பைக் குறைக்கும்படி அறிவுரை. 2013-இல் முடிவு வந்தது: மாரடைப்பு, பக்கவாதம், இதயநோய் மரணம் மூன்றையும் சேர்த்துப் பார்த்தால், முதல் இரண்டு குழுக்களிலும் சுமார் 30 சதவீதம் குறைவு.

அப்புறம்தான் சிக்கல் தெரிந்தது. சில இடங்களில் ஆட்களைக் குலுக்கல் முறையில் பிரிக்காமல், ஒரே வீட்டாரை ஒரே குழுவிலும், ஓரிடத்தில் மருத்துவமனை வாரியாகவும் போட்டிருந்தார்கள். 2018-இல் ஆய்வாளர்கள் பழைய கட்டுரையைத் திரும்பப் பெற்று, குறைகளைக் கணக்கில் எடுத்து, மறுபடி அலசி, அது முதலில் வந்த அதே இதழில் வெளியிட்டார்கள். முடிவு பெரிதாக மாறவில்லை. திரும்பப் பெற்றதை மட்டும் சொல்லி மறுவெளியீட்டைச் சொல்லாமல் விடுவது நேர்மையல்ல.

இதே ஆய்வின் தரவுகளை வைத்து 2014-இல் வந்த அலசலில் நம் தலைப்புக்கு நேரடியாகத் தொடர்புள்ள ஒரு செய்தி இருக்கிறது. எக்ஸ்ட்ரா விர்ஜின் சாப்பிட்டவர்களிடம் இதய நன்மை தெரிந்தது, சாதாரண ஆலிவ் எண்ணெய் சாப்பிட்டவர்களிடம் அது தெளிவாகத் தெரியவில்லை.

அரசாங்கங்கள் இதை ஏற்றுக்கொண்டனவா?

ஐரோப்பிய ஒன்றியம் 2012-இல் ஒரு வாசகத்தை அனுமதித்தது: ஆலிவ் எண்ணெயின் பாலிபீனால்கள் ரத்தக் கொழுப்பை ஆக்சிஜனேற்ற பாதிப்பிலிருந்து காக்க உதவும். 20 கிராம் எண்ணெயில் ஹைட்ராக்சிடைரோசாலும் அதன் வழிப்பொருள்களும் சேர்ந்து 5 மில்லிகிராமாவது இருந்தால்தான் லேபிளில் அப்படிப் போடலாம். கிலோவுக்கு 250 மில்லிகிராம் என்று ஆகிறது. கடையில் நிற்கும் எக்ஸ்ட்ரா விர்ஜின் பாட்டில்களில் பல இந்த அளவைத் தொடாது. அழற்சியைக் குறைக்கும் என்று லேபிளில் போட அந்த அனுமதி இடம் கொடுக்கவில்லை என்பதையும் கவனியுங்கள்.

கடையில் நான்கைந்து வகை இருக்கிறது. எதை எடுப்பது?

பாலிபீனாலுக்காக வாங்குகிறீர்கள் என்றால் எக்ஸ்ட்ரா விர்ஜின் மட்டும்தான். மற்றதெல்லாம் வேறு பொருள் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

"போமஸ்" என்பது பிழிந்த சக்கையில் மிஞ்சிய எண்ணெயைக் கரைப்பான் போட்டு எடுத்துச் சுத்திகரித்தது. "லைட்", "எக்ஸ்ட்ரா லைட்" என்பவை சுத்திகரித்த எண்ணெய். நிறமும் மணமும்தான் லைட், கலோரி அதேதான். வெறுமனே "ஆலிவ் ஆயில்", "பியூர்", "கிளாசிக்" என்று இருந்தால் சுத்திகரித்த எண்ணெயில் கொஞ்சம் விர்ஜின் கலந்தது. சுத்திகரிக்கும்போது பாலிபீனால் கிட்டத்தட்ட முழுவதும் போய்விடும். போமஸ் டின்னை வாங்கி வைத்துக்கொண்டு அழற்சி குறையும் என்று காத்திருப்பதில் அர்த்தமில்லை.

எக்ஸ்ட்ரா விர்ஜின் என்று போட அமிலத்தன்மை 0.8 சதவீதத்தைத் தாண்டக்கூடாது, சுவைக்குழு சோதனையில் குறையும் இருக்கக்கூடாது. இந்த அமிலத்தன்மையை நாக்கால் உணர முடியாது, பாலிபீனால் அளவையும் அது சொல்லாது. லேபிளில் நீங்கள் தேட வேண்டியது அறுவடை மாதம், வருடம். காலாவதித் தேதியைவிட அது முக்கியம். ஸ்பெயின், இத்தாலி, கிரீஸ் நாடுகளில் அறுவடை அக்டோபர் வாக்கில் தொடங்கும். காய் பச்சையாக இருக்கும்போதே பறித்த முதல் எண்ணெயில் பாலிபீனால் அதிகம், நன்றாகக் கனிந்தபின் பறித்தால் குறைவு. ரகமும் முக்கியம். கொராட்டினா, பிக்குவால், கொரனெய்கி ரகங்களில் இயல்பாகவே அதிகம். ஆர்பெகினா மென்மையானது, குறைவு. சில நிறுவனங்கள் பாலிபீனால் அளவையே அச்சிடுகின்றன. ஆனால் அது பிழிந்த அன்று எடுத்த எண்ணாகவும் இருக்கலாம்.

எதுவும் போடாத பாட்டில் என்றால் உங்கள் நாக்கையும் தொண்டையையும் நம்புங்கள். கசப்பும் கமறலும் இருந்தால் பாலிபீனால் இருக்கிறது. வெண்ணெய் மாதிரி வழுவழுவென்று இறங்கினால் பெரிதாக இல்லை.

பச்சையாக இருந்தால் நல்லதா? ஃப்ரிட்ஜில் வைத்தால் உறைய வேண்டுமாமே?

இரண்டுமே நம்பத்தக்க சோதனை அல்ல. எண்ணெயைச் சுவைத்துத் தரம் பிரிப்பவர்கள் நிறம் கண்ணில் படக்கூடாது என்பதற்காகவே நீலக் கண்ணாடிக் கிண்ணத்தில் ஊற்றிச் சுவைக்கிறார்கள்.

சூடாக்கினால் பாலிபீனால் போய்விடுமா? தாளிக்கலாமா?

குறையும், முழுதாகப் போகாது. 2020-இல் பார்சிலோனாவில் வீட்டுச் சமையலைப் போலவே வாணலியில் வதக்கிப் பார்த்தார்கள். 120 டிகிரியில் சுமார் 40 சதவீதமும் 170 டிகிரியில் சுமார் 75 சதவீதமும் குறைந்தது. நம் தாளிப்பில் எண்ணெய் கடுகு வெடிக்கும் அளவுக்குக் காய்கிறது, இழப்பு அதிகமாகத்தான் இருக்கும். எக்ஸ்ட்ரா விர்ஜினில் தாளித்தால் விஷமாகிவிடும் என்று பயமுறுத்துவது மிகை. வீண்செலவு என்பதே சரியான குறை. பொரிப்பதற்கு அதை எடுக்கவே எடுக்காதீர்கள்.

பச்சையாகச் சேர்ப்பதுதான் லாபம். சுண்டலை இறக்கிய பிறகு, கீரை மசியலின் மேல், வெந்த பருப்பில், தக்காளி வெள்ளரிக்காய் பச்சடியில் ஊற்றலாம். கசப்பு இருப்பதால் எல்லாவற்றோடும் ஒத்துப்போகாது. ரசத்தில் முயன்று பார்க்க வேண்டாம்.

நல்லெண்ணெயையும் கடலை எண்ணெயையும் நிறுத்திவிட வேண்டுமா?

வேண்டாம். நல்லெண்ணெயில் சிசமின், சிசமோலின் என்ற லிக்னான் வகைத் தாவரப்பொருள்கள் இருக்கின்றன, அவற்றின் மேலும் ஆய்வுகள் நடக்கின்றன. கடலை எண்ணெயில் பாதிக்கு அருகில் ஆலிவில் இருக்கும் அதே ஒலியிக் அமிலம். ஒலியோகாந்தல் இவற்றில் கிடையாது.

மாற்றினால் பலன் தெரியக்கூடிய இடம் வேறு. நெய், வனஸ்பதி, பாமாயில், பேக்கரி கொழுப்பு அதிகம் சாப்பிடுகிறவர் அதில் ஒரு பகுதியை ஆலிவுக்கோ மேலே சொன்ன எண்ணெய்களுக்கோ மாற்றினால் அர்த்தமுண்டு. ஏற்கெனவே சாப்பிடும் எல்லாவற்றின் மேலும் கூடுதலாக ஊற்றினால் தினம் 20 கிராமுக்கு 180 கலோரி சேரும். அதனால் இடுப்பளவு கூடினால் அழற்சியும் கூடும்.

காலையில் வெறும் வயிற்றில் ஒரு அவுன்ஸ் குடிக்கச் சொல்கிறார்களே?

வெறும் வயிற்றுக்குத் தனி மகிமை இருப்பதாகக் காட்டிய நல்ல ஆய்வு எதையும் நான் பார்த்ததில்லை. மத்தியதரைக்கடல் ஊர்களில் இதைக் காய்கறி, பயறு, மீன், ரொட்டியோடு சேர்த்துத்தான் சாப்பிட்டு வந்திருக்கிறார்கள். பித்தப்பைக் கல் இருப்பவர்களுக்கு மொத்தமாக எண்ணெய் குடிப்பது வலியைக் கிளப்பிவிடலாம்.

ஹைட்ராக்சிடைரோசால், ஆலிவ் இலைச்சாறு என்று மாத்திரையாகவே விற்கிறதே?

விற்கிறது. ஆனால் மேலே சொன்ன பெரிய ஆய்வுகள் எண்ணெயைக் கொண்டு, உணவின் பகுதியாக நடந்தவை. அந்தப் பலனை மாத்திரை டப்பாவின் மேல் எழுதிக்கொள்வது கடன் வாங்கிய பெருமை. ரத்த அழுத்தத்துக்கோ சர்க்கரைக்கோ மருந்து எடுப்பவர்கள் இலைச்சாறு மாத்திரையை டாக்டரிடம் கேட்காமல் தொடங்க வேண்டாம். இரண்டும் சேர்ந்து அளவுக்கு மீறி இறங்கிவிட வாய்ப்புண்டு.

எனக்கு முடக்குவாதம். ஆலிவ் எண்ணெயை நம்பி மருந்தைக் குறைக்கலாமா?

கூடாது. முடக்குவாதத்தில் மூட்டு ஒருமுறை அரித்துவிட்டால் திரும்பி வராது. மெத்தோட்ரெக்சேட் போன்ற மருந்துகள் அதைத் தடுப்பதற்காகக் கொடுப்பவை, சாப்பாட்டு எண்ணெயால் அந்த இடத்தை நிரப்ப முடியாது. மருந்தோடு சேர்த்து உணவில் எண்ணெயை மாற்றிக்கொள்வதில் தடையில்லை.

மூட்டில் தேய்த்தால்? குழந்தைக்கு மசாஜ் செய்தால்?

தேய்க்கும்போது கிடைக்கும் சுகம் தேய்ப்பதால் வருவது, பாலிபீனாலுக்காக நல்ல எண்ணெயை முட்டியில் கொட்ட வேண்டாம். குழந்தை விஷயத்தில் கொஞ்சம் எச்சரிக்கை தேவை. மருந்துக் கடையில் சின்ன டின்னில் வாங்கிப் பிள்ளைக்குத் தேய்ப்பது நம் ஊரில் வெகுநாள் வழக்கம். ஆனால் ஆலிவ் எண்ணெய் தோலின் மேலடுக்கைப் பலவீனப்படுத்துகிறது என்று 2013-இல் பெரியவர்களிடம் நடந்த இங்கிலாந்து ஆய்வு ஒன்று காட்டியது. ஒலியிக் அமிலம் அதிகம் இருப்பதே காரணம் என்று கருதுகிறார்கள். கரப்பான், வறண்ட தோல் உள்ள குழந்தைக்கு இதைத் தவிர்த்துவிட்டுத் தோல் மருத்துவரைக் கேளுங்கள்.

திறந்த பாட்டிலை எவ்வளவு நாள் வைத்திருக்கலாம்?

இரண்டு மூன்று மாதத்தில் தீர்த்துவிடுங்கள். வெளிச்சம், சூடு, காற்று மூன்றும் பாலிபீனாலுக்கு எதிரி. அடுப்பு மேடையில் வைக்காமல், மூடிய அலமாரியில், கரும்பச்சைக் கண்ணாடியிலோ டின்னிலோ இருக்கட்டும். நம் வெயிலுக்குச் சின்ன பாட்டிலாக வாங்குவதே உத்தமம். தள்ளுபடியில் கிடைக்கிறது என்று 5 லிட்டர் டின்னை எடுத்து வந்தால், கடைசி லிட்டரை எட்டும்போது கமறல் போய் வெறும் கொழுப்புதான் மிஞ்சியிருக்கும்.